ஆடியவரும் ஆட்டுவிப்பவரும்

சென்ற ஆண்டு ஒரு மாலைப் பொழுது. நம் பங்கின் கால்பந்துக் குழுச் செயலர் தம் நண்பர் இருவரை உடன் அழைத்துக்கொண்டு நம் இல்லம் வந்தார். குழுவுக்குப் புதிய பயிற்றுநர் ஒருவர் வேண்டும். இரண்டு பெயர்கள் முன்னிற்கின்றன. குழுவினர் இரு பிரிவாக நிற்கின்றனர். பணிநிறைவு பெற்ற ஆசிரியர் என்ற முறையில் நாம் ஒரு வழி சொல்ல வேண்டும் என்பது அவர்தம் வேண்டுகோள்.

முதலாமவர் ஒரு காலத்தில் ஊரே கொண்டாடிய ஆட்டக்காரர். மாவட்ட அணிக்கு ஆடியவர். திருவிழாப் போட்டி ஒன்றின் இறுதியாட்டத்தில் அவர் அடித்த மூன்று கோல்களைப் பற்றித் தேநீர்க் கடையில் இன்றும் பேசுவோர் உண்டு. இரண்டாமவரும் அதே காலத்தில் அதே அணியில் இருந்தவரே. ஆனால் பெரும்பாலான ஆட்டங்களைக் கோட்டுக்கு வெளியே அமர்ந்து பார்த்தவர். இன்று பட்டறை வேலை முடிந்து வந்து, மாலை வேளைகளில் கோயிலின் பின்புறத் திடலில் சிறுவர்க்குப் பந்தாடக் கற்றுத் தருகிறார்.

"மாவட்டத்துக்கு ஆடினவர விட்டுட்டு, பெஞ்சுல உட்கார்ந்தவரக் கோச்சா போட்டா ஊரு சிரிக்காதா சார்?" என்றார் வந்தவருள் ஒருவர்.

"பேசிப் பேசிச் சண்டைதான் வருது. நீங்க ஒரு வார்த்தை சொன்னா எல்லாரும் கேட்டுக்குவோம் சார்" என்றார் செயலர்.

நாம் மூன்று நாள் தவணை கேட்டோம். கால்பந்து நமக்குப் புதிதன்று. 1986-ஆம் ஆண்டு முதல் உலகக் கோப்பை ஆட்டங்களைத் தொலைக்காட்சியில் விழித்திருந்து கண்டு வருகிறோம். தவணை கேட்டதற்கு வேறொரு காரணம் உண்டு. அதைப் பின்னர்ச் சொல்வோம்.

அந்த மூன்று நாளும் நம் நினைவில் வந்து நின்றவர்கள் இங்கிலாந்து நாட்டு உடன்பிறப்புகள் இருவர். வட இங்கிலாந்தின் நார்தம்பர்லாந்துப் பகுதியில் ஆஷிங்டன் என்பது ஒரு நிலக்கரிச் சுரங்க ஊர். அங்குச் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மக்களாக 1935-இல் ஜாக் சார்ல்டனும், 1937-இல் பாபி சார்ல்டனும் பிறந்தனர். இளையவர் பாபியின் காலில் பந்து சிறு வயதிலேயே சொன்ன சொல் கேட்டது. பதினைந்து வயதில் மான்செஸ்டர் யுனைடெட் கழகம் அவரைத் தன்பால் அழைத்துக்கொண்டது. மூத்தவர் ஜாக் நெடிய உருவினர். பள்ளியை விட்டுச் சில காலம் சுரங்கத்தில் வேலை பார்த்தார். அது ஒவ்வாமல், லீட்ஸ் யுனைடெட் கழகத்தில் சேர்ந்து தடுப்பாட்டக்காரர் ஆனார்.

இருவருக்கும் இடையே இருந்த தொலைவை எண்களே சொல்லும். பாபி இங்கிலாந்துக்காக 106 ஆட்டங்கள் ஆடி 49 கோல்கள் அடித்தார். 1966-ஆம் ஆண்டு ஐரோப்பாவின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்னும் விருதைப் பெற்றார். ஜாக்குக்கு நாட்டின் அணியில் முதன்முதலாக இடம் கிடைத்தபோது அவருக்கு முப்பது வயது நிறைய ஒரு மாதமே இருந்தது. ஆடியவை 35 ஆட்டங்கள். 1966-இல் வெம்பிளித் திடலில் மேற்கு ஜெர்மனியை 4-2 என வென்று இங்கிலாந்து உலகக் கோப்பையை ஏந்தியபோது இருவரும் அந்த அணியில் இருந்தனர். ஆயினும் உலகம் பாபியின் ஆட்டத்தைக் காணவே திரண்டது என்பதை ஜாக்கே மறுத்திருக்க மாட்டார்.

1973-ஆம் ஆண்டில் இருவரும் தத்தம் கழகங்களில் ஆடுவதை ஒருங்கே நிறுத்தினர். அதே கோடையில் இருவரும் இரண்டாம் பிரிவைச் சேர்ந்த கழகம் ஒவ்வொன்றின் பொறுப்பை ஏற்றனர். பாபி, பிரஸ்டன் நார்த் எண்ட் கழகத்துக்குச் சென்றார். ஜாக், மிடில்ஸ்பரோ கழகத்துக்குச் சென்றார். ஒரே வீட்டுப் பிள்ளைகள், ஒரே ஆண்டு, ஒரே பிரிவு. வாழ்க்கை இத்தகைய தேர்வுத்தாளை அடிக்கடி அச்சிடுவதில்லை.

1974-இன் வசந்தத்தில் விடை வந்தது. ஜாக்கின் மிடில்ஸ்பரோ அந்தப் பிரிவில் முதலிடம் பெற்று முதற்பிரிவுக்கு உயர்ந்தது. வெற்றிக்கு இரண்டு புள்ளிகளே அளிக்கப்பட்ட அக்காலத்தில், அடுத்து வந்த கழகத்தைவிட 15 புள்ளிகள் கூடுதலாகப் பெற்றிருந்தது. பாபியின் பிரஸ்டன் அதே பட்டியலின் அடியில் விழுந்து, மூன்றாம் பிரிவுக்கு இறங்கியது. அடுத்த ஆண்டு பாபி என்ன செய்தார் தெரியுமா? கழற்றி வைத்த காலணியை மீண்டும் அணிந்து தாமே களமிறங்கினார். பிறரைக்கொண்டு செய்விக்க இயலாததைத் தம் கால்களால் செய்து காட்ட முயன்றார் என்றே நாம் அதைப் புரிந்துகொள்கிறோம். 1975-இல் அப்பொறுப்பை விட்டு விலகினார்.

ஜாக்கோ 1986-இல் அயர்லாந்துக் குடியரசின் அணிக்குப் பொறுப்பேற்றார். அதுவரை பெரும் போட்டி எதிலும் இடம்பெற்றிராத அணி அது. 1988-இல் ஐரோப்பியக் கோப்பைக்குச் சென்று, ஸ்டுட்கார்ட் நகரில் இங்கிலாந்தையே 1-0 என வென்றது. 1990-இல் முதன்முறையாக உலகக் கோப்பையில் ஆடிக் காலிறுதி வரை வந்தது. உரோமையில் இத்தாலியைச் சந்திப்பதற்கு முன், இளமையில் இலக்குக் காவலராக ஆடிய திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலை அந்த அணியினர் கண்டு வந்ததை நம் வாசகருள் மூத்தோர் நினைவுகூரக்கூடும். இத்தாலியிடம் ஒரே கோலில் தோற்றனர். ஆயினும், ஆங்கிலேயரான ஜாக்குக்கு 1996-இல் அயர்லாந்து கௌரவக் குடியுரிமை அளித்தது.

பாபியைக் குறைத்துரைக்க நாம் இதை எழுதவில்லை. 1958 பிப்ரவரியில் 23 உயிர்களைக் கொண்டுபோன மியூனிக் விமான விபத்தில் பிழைத்து, இருபது வயதில் தோழர் எண்மரின் இறப்பைச் சுமந்து, மீண்டும் ஆடி, 1968-இல் தம் கழகத்துக்கு ஐரோப்பியக் கோப்பையை வென்று தந்த பெருமகனார் அவர். அவரிடம் உழைப்புக் குறைவில்லை. உள்ளத்தில் செருக்கும் இல்லை. பின் எதனால் இவ்வாறு ஆயிற்று?

நாம் எண்ணுவது இது: சிலருக்குத் திறமை கொடையாக வருகிறது, வரும்போது அது தான் வந்த வழியைச் சொல்லிவிட்டு வருவதில்லை. பந்து வரும் கணத்தில் உடல் தானே திரும்புகிறது, கால் தானே இடம் காண்கிறது. இடையில் நிகழ்ந்த பத்துச் செயல்களும் அவருக்கு ஒன்றாகவே தோன்றும். ஜாக்குக்கு அந்த வசதி இல்லை. எந்த இடத்தில் நின்றால் தம்மைவிட விரைவாக ஓடுபவனைத் தடுக்கலாம் என்பதை அவர் எண்ணி எண்ணியே கற்க வேண்டியிருந்தது. ஆடிக்கொண்டிருந்த காலத்திலேயே லில்லிஷால் என்னுமிடத்தில் நடந்த பயிற்றுநர் வகுப்புகளுக்குச் சென்று பாடம் கேட்டவர் அவர். படி படியாக ஏறியவருக்கே படிகளின் எண்ணிக்கை தெரியும்.

மரடோனாவின் கதையும் நினைவுக்கு வந்தது. 1986-இல் ஆர்ஜென்டினாவுக்குக் கோப்பையை வென்று தந்தவர், 2008-இல் அதே அணியின் பயிற்றுநர் ஆனார். 2009-இல் லா பாஸ் நகரில் பொலிவியாவிடம் 6-1 என அந்த அணி தோற்றது. தென்னாப்பிரிக்காவில் நடந்த 2010 உலகக் கோப்பையில் முதல் நான்கு ஆட்டங்களையும் வென்று, காலிறுதியில் ஜெர்மனியிடம் 4-0 எனச் சரிந்தது. மெஸ்ஸி இருந்தார், ஆர்வம் இருந்தது, வீரர்களைக் கட்டித் தழுவி அனுப்பும் பேரன்பும் இருந்தது. நடுக்களத்தைக் காக்கும் ஏற்பாடு போதவில்லை. தாம் ஆடிய நாளில், ஏற்பாடு தவறிய இடத்தையெல்லாம் மரடோனா தம் காலால் நிரப்பினார். கோட்டுக்கு வெளியே நின்றவருக்கு அந்தக் கால் உதவவில்லை.

இங்கே நாம் தவணை கேட்ட காரணத்தைச் சொல்லியாக வேண்டும்.

நாம் கணித ஆசிரியர். கணக்கு நமக்கு இளமையிலேயே எளிதாக வந்த பாடம். ஒரு வினாவைக் கண்டதும் விடை கண்ணில் தோன்றிவிடும். அதனாலேயே நல்லாசிரியர் ஆவோம் என்று நம்பினோம், பிறரும் நம்பினர். முப்பது ஆண்டுகளுக்கும் முன், பத்தாம் வகுப்பில் இயற்கணிதம் நடத்திக்கொண்டிருந்தோம். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவர் எழுந்து, "சார், மூணாவது வரியிலேருந்து நாலாவது வரி எப்படி வந்துச்சு?" என்று கேட்டார்.

நாம் கரும்பலகையைப் பார்த்தோம். நாலாவது வரி நமக்குத் தெளிவாகவே இருந்தது. ஆனால் அது எப்படி வந்தது என்று சொல்ல முயன்றபோது சொல் எழவில்லை. இடையில் இரண்டு படிகளை நம் கண் தாவிச் சென்றிருக்கிறது. தாவியதையும் நாம் அறியவில்லை. அந்தத் தடுமாற்றம் நொடியில் சினமாக மாறியது. "இதுகூடத் தெரியலையா? உட்காரு" என்றோம். வகுப்பு சிரித்தது. அவர் அமர்ந்தார். அந்த ஆண்டு முழுவதும் அவர் வேறொரு வினாவும் கேட்கவில்லை. அரசுத் தேர்வில் கணக்கில் தவறினார். பட்டறை வேலைக்குப் போனார்.

அந்த மாணவரே நாம் மேலே குறித்த இரண்டாமவர். அவரைப் பற்றி நடுநிலையோடு தீர்ப்புச் சொல்லும் தகுதி நமக்கு உண்டா என்பதே நம் தயக்கம். கடன்பட்டவன் எவ்வாறு நடுவனாக இருப்பான்?

ஆகையால் நம் விருப்பத்துக்கு மாறான சான்றுகளை வேண்டுமென்றே தேடினோம். அவை எளிதிற் கிடைத்தன. ஆட்டக்காரராகவும் பின்னர்ப் பயிற்றுநராகவும் ஆடவர் உலகக் கோப்பையை வென்றோர், 2022-ஆம் ஆண்டுப் போட்டி வரை மூவர்: பிரேசிலின் சகாலோ, ஜெர்மனியின் பெக்கன்பவர், பிரான்சின் டெஷாம். முன்னிருவரும் 2024 ஜனவரியில் இரண்டு நாள் இடைவெளியில் மறைந்தனர். பெக்கன்பவரைவிடப் பெரிய ஆட்டக்காரரை எங்கே தேடுவது? பயிற்றுநர் உரிமமே இல்லாமல் 1984-இல் பொறுப்பேற்று, 1986-இல் அணியை இறுதியாட்டத்துக்கும் 1990-இல் வெற்றிக்கும் அழைத்துச் சென்றவர் அவர். நெதர்லாந்தின் கிரைஃப், ஐரோப்பாவின் தலைசிறந்த ஆட்டக்காரர் விருதை மூன்று முறை பெற்றவர். பயிற்றுநராக 1991 முதல் 1994 வரை பார்சிலோனாவுக்குத் தொடர்ந்து நான்கு ஸ்பானிய வாகைகளையும், 1992-இல் அக்கழகத்தின் முதல் ஐரோப்பியக் கோப்பையையும் பெற்றுத் தந்தார்.

அப்படியானால் பெருமையுடைய ஆட்டக்காரர் பயிற்றுநராக ஆகலாகாது என்று யாரும் விதி எழுத முடியாது. ஆனால் இந்நால்வரையும் சற்று உற்று நோக்குவோம். சகாலோ இடப்புற முன்கள வீரர். எனினும் தாக்குவதோடு நில்லாமல், பின்னோக்கி ஓடி வந்து நடுக்களத்துக்குத் தோள் கொடுத்தவர். "சிற்றெறும்பு" என்பது அவருக்கு வழங்கிய செல்லப்பெயர். டெஷாமை "தண்ணீர் சுமப்பவர்" என்று அவர் நாட்டு வீரர் கன்டோனா ஏளனமாகக் குறிப்பிட்டார்; அத்தண்ணீரைக் குடித்தே மற்றவர் ஆடினர். பெக்கன்பவர் தடுப்பு வரிசையின் பின்னே நின்று, களம் முழுவதையும் கண்ணால் அளந்து ஆடியவர். கிரைஃப், பந்து தம்மிடம் இல்லாத வேளையிலும் கையை நீட்டி, எவர் எங்கே நிற்க வேண்டும் எனச் சக ஆட்டக்காரர்க்குக் காட்டிக்கொண்டே இருந்தவர். நால்வரும் ஆடிய நாளிலேயே தம் காலை மட்டும் பார்த்தவரல்லர். பிறர் காலையும் பார்த்தவர்கள்.

மறுபுறம், புகழ்பெற ஆடாமலே வென்றவரும் உண்டு. 1994 உலகக் கோப்பையின் இறுதியாட்டத்தில் பிரேசிலும் இத்தாலியும் மோதின. பிரேசிலின் பயிற்றுநர் பரெய்ரா, இத்தாலியின் பயிற்றுநர் சாக்கி ஆகிய இருவருமே தொழில்முறை ஆட்டக்காரராக இருந்தவரல்லர். சாக்கி காலணி விற்பனையில் இருந்தவர். குதிரையேறுபவன் முன்பு குதிரையாக இருந்திருக்க வேண்டுவதில்லை என்னும் பொருள்பட அவர் அளித்த மறுமொழி உலகறிந்தது. நம் நாட்டில் சையத் அப்துல் ரகீம் ஐதராபாத்துப் பள்ளி ஆசிரியர். அவர் பயிற்சியில் இந்தியா 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காமிடமும், 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கமும் பெற்றது. தலையில் காயம்பட்டிருந்த தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்கை அவர் முன்களத்தில் நிறுத்தினார். தென்கொரியாவை 2-1 என வென்ற இறுதியாட்டத்தில் அவரும் ஒரு கோல் அடித்தார். ஒருவரிடம் அவரே அறியாதிருப்பதைக் காண்பது பயிற்றுநரின் கண்.

படிப்படியாக ஏறியவரிடமும் குறை உண்டு என்பதை மறைக்கலாகாது. ஜாக்கின் அணி பந்தை நெடுந்தொலைவுக்கு உதைத்துவிட்டு எதிரியை நெருக்கும் முறையில் ஆடியது. அழகாகப் பந்தைக் கையாண்ட லியம் பிரேடி என்னும் அருங்கலைஞருக்கு அதில் இடம் சுருங்கிற்று. 1989-இல் ஓர் ஆட்டத்தின் முற்பாதி முடிவதற்குள்ளேயே ஜாக் அவரை வெளியே அழைத்துக்கொண்டது அயர்லாந்தில் பலருக்கு இன்றும் ஆறாத வருத்தம். நடந்தே வந்தவருக்குப் பறவையை என்ன செய்வதென்று சில வேளைகளில் தெரிவதில்லை.

இவ்வளவும் எண்ணிய பின், இரண்டாம் நாள் மாலை திடலுக்குச் சென்றோம். தற்செயலாக அன்று இருவருமே அங்கிருந்தனர். பத்து வயதுச் சிறுவன் ஒருவன் உதைத்த பந்து ஒவ்வொரு முறையும் குறுக்குக் கம்பத்துக்கு மேலே பறந்தது.

"இங்க பாரு, இப்படி அடிடா" என்று சொல்லி முதலாமவர் பந்தை வாங்கினார். இரண்டே எட்டு, பந்து வலையின் மூலையில் சென்று நின்றது. அந்த வயதிலும் அத்துணை அழகு. சிறுவரெல்லாம் கைதட்டினர், நாமும் தட்டினோம். சிறுவன் மீண்டும் உதைத்தான். பந்து மீண்டும் மேலே போயிற்று. "பாத்தேல்ல? அதே மாதிரி அடி." மீண்டும் மேலே. அப்போது முதலாமவரின் முகத்தைக் கண்டோம். அதில் செருக்கு இல்லை, திகைப்பே இருந்தது. இதில் சொல்லித்தர என்ன இருக்கிறது என்னும் திகைப்பு. அந்த முகம் நமக்குப் பழக்கமானது. கரும்பலகையின் முன் நின்ற நம் முகம் அது.

சற்றுப் பொறுத்து இரண்டாமவர் வந்தார். சிறுவனின் முன் மண்டியிட்டார். உதைக்கும் வலக் காலை அவர் தொடவேயில்லை. இடக் காலைப் பிடித்துப் பந்தின் அருகே, பந்துக்கு இணையாக வைத்தார். பின் எழுந்து, சிறுவனின் தோளைச் சற்று முன்னோக்கிச் சாய்த்தார். "மெதுவா அடி. கோல் வேணாம். நேராப் போனா போதும்" என்றார். ஐந்தாவது முறையோ ஆறாவது முறையோ பந்து தரையோடு தரையாக நேரே உருண்டது. யாரும் கைதட்டவில்லை. சிறுவன் மட்டும் தன் இடக் காலைக் குனிந்து பார்த்துக்கொண்டான்.

மூன்றாம் நாள் செயலர் வந்தார். முதலில் நம் கடனைச் சொன்னோம். வகுப்பறையில் நிகழ்ந்ததை ஒளிக்காமல் சொல்லி, அதையும் நிறையிட்டே நம் கருத்தைக் கொள்ளுமாறு கேட்டோம். பின்னர்ச் சொன்னோம்: ஒருவர் எவ்வளவு நன்றாக ஆடினார் என்பது வினாவன்று, தமக்கு எளிதாக இருந்தது பிறருக்குக் கடினம் என்பதைச் சினமின்றி ஏற்கிறாரா என்பதே வினா. ஏற்பவர் கிரைஃபாகவும் இருக்கலாம், ரகீமாகவும் இருக்கலாம். நம் திடலில் நாம் கண்டவரையில் அவர் இரண்டாமவரே. ஆயினும் முதலாமவரை விட்டுவிடாதீர்கள். கிழமைக்கு ஒரு நாளேனும் சிறுவர் நடுவே அவர் ஆட வேண்டும். எவ்வளவு உயரம் செல்லலாம் என்பதைக் கண்ணாரக் காண்பதும் கல்வியே.

குழு அவ்வாறே முடிவு செய்தது. முதலாமவர் சில வாரங்கள் திடல் பக்கமே வரவில்லை. அவர் மனம் நொந்திருந்தது. செயலர் பலமுறை சென்று அழைத்த பின் வந்தார். இப்போது ஞாயிறு மாலைகளில் ஆடுகிறார். அணி திருவிழாப் போட்டியின் அரையிறுதியில் தோற்றது. ஊர் சிறிது சிரிக்கவும் செய்தது.

திருவிழா முடிந்து ஒரு நாள் இரண்டாமவர் நம் இல்லம் வந்தார். அந்த வகுப்பறை நாளைப் பற்றி நாம் பேச்செடுத்தோம். "அதெல்லாம் இப்ப எதுக்கு சார்" என்று சொல்லிவிட்டார். சிறிது நேரம் பேச்சில்லை. பின்பு, நெடுநாளாக மனத்தில் இருந்ததைக் கேட்டோம்.

"அடிக்கிறது வலது கால்தானே? நீ ஏன்ப்பா இடது காலைப் புடிச்ச?"

"அடிக்கிற காலைத்தான் சார் எல்லாரும் பாப்பாங்க. ஆனா நிக்கிற கால் எந்தப் பக்கம் பாக்குதோ, பந்தும் அந்தப் பக்கந்தான் போகும். அது பின்னால நின்னுட்டா உடம்பு சாஞ்சிடும். பந்து மேல ஏறிடும்."

நமக்கு முழுதும் விளங்கவில்லை. மீண்டும் கேட்டோம். அவர் சிரிக்கவில்லை. எழுந்து, மேசையிலிருந்த எலுமிச்சம்பழம் ஒன்றை எடுத்துத் தரையில் வைத்து, செருப்பில்லாத தம் இடக் காலை அதன் அருகே ஊன்றி, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார்.